பழைய கார் வாங்கப் போகும் சகோதரிக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் வெளியிடவில்லை. இம்மாதம் இப்பகுதி முழுவதும் அவருக்கே உரியது.

அவருடைய கணவர் இருபது ஆண்டுகள் பட்டுத்தறியில் உழைத்தவர். இப்போது முகூர்த்த மாதங்களில் மட்டுமே பாவு வருகிறதாம். மற்ற மாதங்களில் தறி சும்மா கிடக்கிறதாம். ஆகவே பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இடையில் நின்று 2017ஆம் ஆண்டு வண்டி ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலை ரூ. 3,10,000. அதே வண்டிக்கு வெளியில் ரூ. 4,00,000க்கு மேல் சொல்கிறார்கள். முன்பணமாக ரூ. 20,000 கொடுத்தாகிவிட்டது. மீதிக்குச் சகோதரியின் நகைகளும், சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பும் பணமும்.

வண்டி கர்நாடகப் பதிவு எண் கொண்டது. உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறாராம். இவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை. கையில் கொடுக்கப்பட்டிருப்பது ஆர்.சி. அட்டையின் ஜெராக்ஸ் பிரதியும், ஒன்றும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் இடப்பட்ட 29, 30ஆம் எண் படிவங்களும். ‘பெயர் மாற்றத்திற்கு அவசரமில்லை, ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இடைத்தரகர் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஐவேளை தொழுகையாளியாம். ‘நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரிடம் அதைக் காட்டு, இதைக் காட்டு என்று எப்படிக் கேட்பது?’ என்று கணவர் கூச்சப்படுகிறாராம். கடிதத்தின் கடைசி வரியில் சகோதரி கேட்கிறார்: ‘ஒரு இலட்சம் குறைவாகக் கிடைப்பதை அல்லாஹ் தந்த பரக்கத் என்று எடுத்துக்கொள்ளலாமா?’

சகோதரியே, அஸ்ஸலாமு அலைக்கும். மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தங்களைப் போல் பல குடும்பங்கள் இதே வாசலில் நிற்கின்றன.

தாங்கள் பட்டுத் தொழில் நடக்கும் ஊரில் இருப்பவர். காஞ்சி வட்டாரத்தில் ஜரிகையைக் கையில் வாங்கியவுடன் யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. உரசிப் பார்ப்பார்கள்; ஐயம் தீராவிட்டால் சோதனைக்கு அனுப்பி, வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவார்கள். பட்டு அசலா என்று காட்டுவதற்கென்றே மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் ‘சில்க் மார்க்’ முத்திரை 2004இல் வந்தது. சில ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு இத்தனை சோதனை. மூன்று இலட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு ஜெராக்ஸ் காகிதம் போதுமா? இதைத் தங்கள் கணவரிடமே கேளுங்கள். தறிக்காரருக்கு இந்தக் கேள்வி உடனே புரியும்.

ஆர்.சி. என்பது என்ன என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. வீட்டுக்குப் பத்திரம் போல வண்டிக்கு ஆர்.சி. என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளதை எடுத்துக்காட்டும் ஒரு சான்றுதான் அது. பதிவேட்டில் இன்று என்ன இருக்கிறது என்பதே முக்கியம். கையில் உள்ள அட்டை நேற்றைய செய்தியாக இருக்கலாம், பொய்ச் செய்தியாகவும் இருக்கலாம். முன்பு புத்தகமாக இருந்த காலத்தில் பக்கத்தைக் கிழித்து, முத்திரையைப் போலியாகக் குத்தி ஏமாற்றினார்கள். பிறகு சில்லு பதித்த அட்டை வந்தது. அதைப் போல அச்சடிப்பதும் ஏமாற்றுக்காரருக்குப் பெரிய வித்தையாக இல்லை. ஜெராக்ஸ் பிரதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூலத்தில் ஒரு பெயரை ஒட்டி மறைத்துப் பிரதி எடுப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

ஆனால் முழுப் போலி அட்டை அவ்வளவு பெரிய ஆபத்து அன்று. பதிவேட்டைப் பார்த்தவுடன் அது பிடிபட்டுவிடும். உண்மையான அட்டை பொய்யான வண்டியோடு சேரும்போதுதான் சிக்கல். மோதி நொறுங்கிய கார் ஒன்றை, ‘முழு நட்டம்’ என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்து, இரும்பு விலைக்கு விற்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அழிந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு. பலர் செய்வதில்லை. அந்த நொறுங்கிய வண்டியை ஆர்.சி.யோடு வாங்கும் கும்பல், அதே மாடல், அதே நிறத்தில் வேறொரு வண்டியைத் திருடுகிறது. திருடிய வண்டியின் சேசிஸ் எண்ணைத் தேய்த்தெடுத்து, நொறுங்கிய வண்டியின் எண்ணை அதில் குத்துகிறது. இப்போது அட்டை அசல், எண் அசல், பதிவேட்டிலும் சரியாகவே இருக்கிறது. வண்டி மட்டும் யாரோ ஒரு குடும்பத்தின் திருட்டுப்போன சொத்து. அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாம் வேலூருக்கும் நாகூருக்கும் போய்க்கொண்டிருப்போம்.

பதிவேடே ஏமாற்றப்பட்ட கதைகளும் உண்டு. 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத்துறையினர் பல இடங்களில் ஒரே நாளில் சோதனையிட்டு 36 வாகனங்களைக் கைப்பற்றினார்கள். அந்த நடவடிக்கைக்கு ‘நும்கோர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்டான் மொழியில் வாகனம் என்று பொருளாம். பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கடத்திவரப்பட்ட வண்டிகள், இந்திய இராணுவத்தின் பெயரிலும் அமெரிக்கத் தூதரகத்தின் பெயரிலும் வெளியுறவு அமைச்சகத்தின் பெயரிலும் தயாரித்த போலிக் காகிதங்களைக் கொண்டு, ஹிமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டுத் தெற்கே விற்கப்பட்டன என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. நமக்கு அருகில் உள்ள கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு கூட்டத்தின் பெயரும் அதில் வந்தது. வாங்கியவர்களில் திரைப்பட நடிகர்களும் இருந்தார்கள். கணக்கர்களும் வழக்குரைஞர்களும் கூப்பிட்டால் வரும் மனிதர்கள் அவர்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

அதற்கு முன் 2020இல் ஆந்திரத்தில் வெளிப்பட்டதும் இதே வகைதான். பி.எஸ். 3 தரத்து வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. விற்காமல் நின்ற லாரிகளைப் பழைய இரும்பு என்ற பெயரில் வாங்கி, பி.எஸ். 4 என்று போலிச் சான்று காட்டி, எங்கோ நாகாலாந்தில் பதிவு செய்து, அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று ஆந்திரத்திற்குக் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் இப்படி வந்தனவாம். வெகுதூர மாநிலத்துப் பதிவு எண் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்வது இதனால்தான். கர்நாடகம் பக்கத்து மாநிலம்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அவையே.

திருட்டுமில்லை, கடத்தலுமில்லை, ஆனால் விற்பவருக்கு உரிமை இல்லை என்ற வகைதான் நம் ஊர்களில் மிகுதி. மாத வாடகை தருகிறேன் என்று சொல்லி ஒருவரிடம் காரை வாங்கிச் சென்று, அதை இன்னொருவரிடம் அடகு வைத்தோ விற்றோ விடுகிறார்கள். அல்லது வங்கிக் கடன் முடியாத வண்டியை, கடன் தீர்ந்ததாகப் போலிக் கடிதம் காட்டி விற்கிறார்கள். வாங்கியவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் நிதி நிறுவனத்தின் ஆட்கள் வந்து தெருவில் வைத்துச் சாவியைப் பிடுங்குவார்கள். ‘நான் பணம் கொடுத்தேனே’ என்ற குரல் அங்கே எடுபடாது.

ஏன் எடுபடாது என்பதற்கு 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விடை சொல்கிறது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். தன் கைவசம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குத் தடுத்துச் சொன்னது திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் பதிவாகியுள்ளது. அபூதாவூதில் ஸமுரா (ரலி) அவர்கள் வழியாக இன்னொரு செய்தியும் உண்டு. ஒருவர் தம் சொந்தப் பொருளை மற்றொருவரிடம் அப்படியே கண்டால் அதற்கு உரியவர் அவர்தாம். வாங்கியவர் தமக்கு விற்றவரைத்தான் தேடிப் போக வேண்டும் என்பது அதன் கருத்து. திருட்டுக் காரை அறியாமல் வாங்கியவருடைய நிலை இதில் அப்படியே இருக்கிறது. வண்டி பழைய உரிமையாளருக்குப் போய்விடும். பணத்துக்குத் தாங்கள் இடைத்தரகரைத் தேட வேண்டும். அவர் பெங்களூர்க்காரரைக் காட்டுவார். பெங்களூர்க்காரர் இருக்கிறாரா என்பதே இப்போது நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில் தங்கள் பரக்கத் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்குவது பாரதீய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். 2024 ஜூலை 1க்கு முன் இதுவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவாக இருந்தது. ‘நம்புவதற்குக் காரணம்’ என்றால் என்ன? சந்தை விலையில் கால் பங்கு காரணமில்லாமல் குறைவது, உரிமையாளர் முகத்தைக் காட்டாதது, மூல ஆர்.சி. இல்லாதது, பெயர் மாற்ற வேண்டாம் என்று விற்பவரே தடுப்பது ஆகியவை எல்லாம் விசாரணையில் கேட்கப்படும். தங்கள் கடிதத்தில் நான்குமே இருக்கின்றன. ஹலாலான விலைக்குறைவுக்கு ஒரு காரணம் இருக்கும், கேட்டால் சொல்லுவார்கள்.

காரணங்களில் ஒன்று தண்ணீராகவும் இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதைத் தாங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதுவே நடந்தது. அவற்றுள் பல, கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாவட்டங்களில் விலைக்கு வந்தன. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குவியலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு அவர்கள் நகர்ந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தாங்களும் கையை உள்ளே விடுங்கள். இருக்கைக்கு அடியில் விரிப்பைத் தூக்கி மண் படிந்திருக்கிறதா, இருக்கையின் இரும்புச் சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் கறை தெரிகிறதா என்று பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் அரை மணி நேர வேலை.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். தம்பியின் கைப்பேசியிலோ ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசியிலோ ‘எம்பரிவாகன்’ செயலி இருக்கும். அதில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள், பதிவு செய்த அலுவலகம், பதிவு நாள், எரிபொருள், காப்பீடு முடியும் நாள் இவையெல்லாம் தெரியும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அதையும் காணலாம். ஜெராக்ஸில் பெட்ரோல் என்றிருந்து பதிவேட்டில் டீசல் என்றிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘பிளாக் லிஸ்ட்’ என்று குறிப்பு இருந்தாலும் அப்படியே. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை, இப்போதாவது செய்யுங்கள்.

பிறகு வண்டியின் உடம்பில் உள்ள எண். 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேசிஸ் எண்ணை இன்ஜின் அறையிலோ முன் இருக்கைக்குக் கீழோ இரும்பில் குத்தியிருப்பார்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வரவே வராது. ஒன்றோடும் சுழியோடும் குழம்பிவிடும் என்பதால் விலக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் செய்த கார்களின் எண் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்குவது வழக்கம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பிள்ளைகள் தங்கள் பக்கத்துக் கிராமங்களில் பலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துப் போனால், எண் இயந்திரத்தால் சீராகக் குத்தியதா, கையால் ஒவ்வொன்றாக அடித்ததா, சுற்றிலும் தகடு தேய்க்கப்பட்டோ புதுப்பெயின்ட் பூசப்பட்டோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

எங்கே தேவைப்படும்? தடையில்லாச் சான்றில். ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்ய, முதலில் பதிவான அலுவலகம் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி தடையில்லாச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் 28ஆம் எண் படிவம். சேசிஸ் எண்ணின் பென்சில் பதிவு அதில் ஒட்டப்பட வேண்டும். வரி பாக்கி, காவல்துறை வழக்கு இவை இல்லை என்பதைப் பார்த்துவிட்டே அந்தச் சான்று வரும். ஆகவே கர்நாடக வண்டிக்கு ஆர்.சி.யைவிட முதலில் கேட்க வேண்டியது இந்தச் சான்றைத்தான். அது உரிமையாளர் கேட்டால் கிடைக்கும். உரிமையாளரே இல்லாத வண்டிக்குக் கிடைக்காது. ‘பெயர் மாற்ற அவசரமில்லை’ என்று அந்த மனிதர் சொல்லும் இரகசியம் இங்கே இருக்கலாம். நல்லெண்ணத்தோடு பார்த்தால், அவருக்கே இது தெரியாமலும் இருக்கலாம்.

இன்னொரு கணக்கு. வேறு மாநிலத்து வண்டியை இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டு ஆயுள்வரி கட்ட வேண்டும். வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்து அது மாறும், சிறிய தொகையன்று. ஒரு மாநிலத்து வண்டி மற்றொன்றில் 12 மாதத்திற்கு மேல் தங்கினால் புதுப் பதிவு எண் வாங்கியே தீர வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்வதால், தள்ளிப்போடலாமே தவிரத் தப்ப முடியாது. இதையும் தரகுக் கூலியையும் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு இலட்ச ரூபாய் ‘இலாபத்தில்’ எவ்வளவு மிஞ்சும் என்று வட்டார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக் கடன் இருந்ததென்றால் வங்கியின் கடிதம் மட்டும் போதாது. 35ஆம் எண் படிவத்தில் வங்கி கையொப்பமிட்டு, பதிவேட்டிலிருந்தே அந்தக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடிதத்தைக் கொண்டு அந்தக் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். கடிதத்தில் அச்சடித்துள்ள தொலைபேசி எண்ணை நம்ப வேண்டாம். காப்பீட்டுத் தாளிலும் உரிமையாளர் பெயரும் சேசிஸ் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் வேரோடிப் போனது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இதில் அபாயம் உண்டு. 2007இல் ஒருவர் தம் காரை விற்றார். பெயர் மாற்றப்படவில்லை. கார் ஒருவர் பின் ஒருவராகக் கைமாறிக்கொண்டே போயிற்று. 2009 மே மாதம் யாரோ அதைப் பின்னோக்கி எடுக்கும்போது ஒரு பெண்மணி காயமுற்றார். உடனிருந்த சிறுவன் இறந்து போனான். இழப்பீட்டை யார் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பாயிற்று. எப்போதோ விற்று, பணத்தைச் செலவழித்து, மறந்தே போனவர்மீது அந்தப் பொறுப்பு விழுந்தது. வீட்டில் பழைய வண்டியை விற்ற வாசகர்கள் எவரேனும் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் தங்கள் பழைய எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள்.

வாங்கியவருக்கோ வேறு தொல்லை. காப்பீடு பெயர் மாறாவிட்டால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி தொடர்ந்தாலும், வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு வாங்கியவர் உரிமை கோர முடியாது என்பது முன்பே உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்கிறது 157ஆம் பிரிவு. பெயர் மாற்றத்தை அலுவலகத்தில் பதிய வாங்குபவருக்கு 30 நாள் கெடு. ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வாடகைக்கு ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் அனுமதியும் இல்லை, விபத்தில் காப்பீடும் கைவிடும். மஞ்சள் பலகைக்கு மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

இனி அந்தக் கூச்சத்தைப் பற்றி. தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான். தொழுகையாளியிடம் காகிதம் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று தங்கள் கணவர் எண்ணுகிறார். நல்ல மனம். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. நீதியோடு எழுதும் எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பல் படக்கூடாது, வாங்கி விற்கும்போதும் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அது விரித்துச் சொல்கிறது. அது யாரை விளித்துத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஈமான் கொண்டவர்களை! ஒரு முஃமின் இன்னொரு முஃமினிடம் வாங்கும்போதுதான் இத்தனையும்.

நபி (ஸல்) அவர்களுக்கும் அத்தாஃ இப்னு காலித் (ரலி) அவர்களுக்கும் இடையில் நடந்த ஒரு விற்பனைக்குப் பத்திரம் எழுதப்பட்டதைத் திர்மிதீயும் இப்னு மாஜாவும் பதிவு செய்துள்ளார்கள். நோயில்லை, வஞ்சகமில்லை, இது ஒரு முஸ்லிமுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் உள்ள விற்பனை என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அல்அமீன் என்று எதிரிகளாலும் அழைக்கப்பட்டவர்களின் விற்பனைக்கே எழுத்து இருந்தது. பத்திரம் கேட்பதால் பக்கத்து ஊர்க்காரருக்கு என்ன மரியாதைக் குறைவு வந்துவிடும்? இன்னும் சொன்னால், அவரும் ஏமாற்றப்பட்டிருக்கலாம். காகிதம் கேட்பது அவரையும் காப்பாற்றும்.

அவர் இதையே தொழிலாகச் செய்பவரென்றால் ஒன்று கேட்க உரிமை இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; அது ஐந்தாண்டுக்குச் செல்லும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29-சி படிவத்தில் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தபின் வண்டிக்குப் பொறுப்பு அந்த வணிகருடையது. சான்று இருந்தால் காட்டுவதில் அவருக்குத் தடையிராது.

நகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை தங்களுடைய சொத்து. கொடுப்பதும் மறுப்பதும் தங்கள் விருப்பம். கொடுப்பதென்றே முடிவானால் வட்டிக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். முதலில் ஊர் பைத்துல்மாலில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றிரண்டை விற்றுவிடுவது மேல். கார் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் தங்கள் தம்பியோடு இப்போதே பேசிவிடுங்கள். இதைப் பற்றிக் குடும்பங்களில் பின்னால் மூளும் சச்சரவு எனக்கு வரும் கடிதங்களில் கொஞ்சமல்ல.

கடைசியாக அந்த ரூ. 20,000. ரசீது வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வாங்குங்கள். வண்டி எண், சேசிஸ் எண், தொகை, கொடுத்த நாள், ‘உரிமையாளரின் தடையில்லாச் சான்றும் மூல ஆர்.சி.யும் இன்ன தேதிக்குள் தராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வாசகம், இரு சாட்சிகள். இவ்வளவு போதும். அவர் கைப்பட எழுதட்டும். பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள்.

முன்பணம் போனது போனதுதான் என்று அவர் சொன்னால் மார்க்கம் தெரிந்த ஒருவரை உடன் வைத்துப் பேசுங்கள். விற்பனை நடக்காதபோது அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் செல்லாதென்கின்றன. ஹன்பலீ மத்ஹபில் இடமுண்டு. ஆனால் விற்பவர் தரப்பில் உரிமையே இல்லாத பொருளுக்கு வாங்கிய அச்சாரம் எந்த மத்ஹபிலும் அவருடையதாகாது. ஜமாஅத் பேச்சில் முடியாவிட்டால், ரசீதோடு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அவர் வணிகரென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். அங்கே வழக்குரைஞர் இல்லாமலே தாங்களே எழுதிக் கொடுக்க முடியும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தங்கள் கணவர் அந்தச் சகோதரரைப் பள்ளிவாசல் முற்றத்தில் நிறுத்தி, சலாம் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கை வைக்கட்டும்: ‘பெங்களூரில் உள்ள உரிமையாளரோடு நான் நேரில் பேச வேண்டும், மூல ஆர்.சி.யோடு அவர் இங்கு வரட்டும், அல்லது நாம் இருவரும் அங்கு போகலாம். பயணச் செலவில் பாதி என்னுடையது.’ என்ன மறுமொழி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மேற்கொண்டு பார்ப்போம். வஸ்ஸலாம்.